வடிவுக்குப் பச்சை முகம்

ஆவடியில் பட்டாளத்துக்குக் கொட்டகைகள் கட்டிக்கொண்டிருந்த யுத்த காலம். ஈரம் காயாத சுவர் சரிந்து சித்தாள் வடிவு செத்துப்போனாள். சுவர் பிளந்திருக்கிறது என்று காலையிலேயே சொன்னவள் அவள்தான். "வேலையைப் பாரு" என்று அதட்டி அனுப்பியவர் கான்ட்ராக்டர் பரந்தாமன்.

காரியத்துக்குப் படம் வரையச் சொன்னவரும் அவரேதான். வடிவின் அண்ணன் கோவிந்தன் பட்டணத்து ஓவியப் பள்ளியில் படித்தவன்; அதே இடத்தில் பட்டாள லாரிகளுக்கு நம்பர் எழுதிக்கொண்டிருந்தான். அவனைக் கூப்பிட்டு, "சிரிச்ச மொகமா, மகாலட்சுமி மாதிரி போடுடா. பாத்தா ஜனங்க மனசு ஆறணும்" என்றார்.

ஆறணுமாம்! கோவிந்தனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மாவுக்காகத்தான் தொடங்கினான். மூக்குத்தி, வகிடு, சிரிப்பு எல்லாம் அச்சாக வந்தன. ஆனால், ஒன்றுமே நடக்காதவள் போல இருந்தாள் தங்கை. கத்தியை எடுத்து அத்தனையையும் சுரண்டி எறிந்தான்.

பள்ளியில் ஒருமுறை ஜெர்மன் தேசத்துப் படங்களைப் பார்த்திருந்தான். கோணல் வீடுகள், பச்சை முகங்கள். வரையத் தெரியாதவர்கள் என்று அன்று சிரித்தான். இப்போது கை தானாக அந்தப் பக்கம் போனது. வானத்தில் செங்கல் சிவப்பை அப்பினான். சுவரை மிருகம்போல் சாய்த்தான். முகத்துக்குப் பச்சை. வாய் ஒரு கறுப்புக் குழி. வலக்கை மட்டும் உடம்பைவிட நீளமாகக் கித்தானின் விளிம்புவரை ஓடியது.

காரியத்தன்று மூடிய துணியை விலக்கியதும் பெண்கள் அலறிப் பின்வாங்கினார்கள்.

"இன்னாடா இது, பேய் மாதிரி கீது?" பரந்தாமன் கத்தினார். "மனுசிக்குக் கை இவ்ளோ நீளமாடா?"

"செவுத்துக்கு அடியிலேந்து நீட்டுனாளே, அப்போ அவ்ளோ நீளந்தான். நீ தள்ளி நின்னுகினு இருந்தே, ஒனுக்கு எப்டித் தெரியும்?"

"கிழிச்சுப் போடுங்கடா அத்தெ!"

ஒருவரும் அசையவில்லை. வடிவோடு கல் சுமந்த அம்மா கன்னியம்மா எழுந்து வந்தாள். இதுவரை ஒரு சொட்டு அழாதவள். அந்தக் கறுப்பு வாயில் விரலை வைத்தாள்.

"எம் பொண்ணு இப்டித்தான் கத்துனா. நா கேட்டேன். நீயுந்தான் கேட்டே."

பரந்தாமன் காலால் உதைத்ததில் படம் குறுக்கே கிழிந்தது. கோவிந்தன் அவர் சட்டையைப் பிடித்தான். நான்கு பேர் சேர்ந்துதான் பிரிக்க முடிந்தது.

மறுநாள் சித்தாட்கள் ஒருத்தியும் வேலைக்குப் போகவில்லை. பிளந்த சுவர்களை இடித்தால்தான் வருவோம் என்றார்கள். நான்காம் நாள் பரந்தாமன் இடித்தார்.

கோவிந்தனுக்கு லாரி வேலை போயிற்று. ஆத்திரம் போகவில்லை. புதுக் கித்தானைச் சட்டத்தில் ஆணியடித்து, மறுபடி சிவப்பைக் குழைத்தான்.