அரை நொடி மாப்பிள்ளை

அப்பா ஒரு பேருந்து நிறுவனத்தில் ஓட்டுநர்களை வேலைக்குத் தேர்ந்தெடுப்பவர். அவரிடம் இருந்தது ஒரே உரைகல்: கேள்வி முடிந்ததும் பதில் வரவேண்டும். "யோசிக்கிறவன் பொய்யைத் தேடுறான்" என்பார். வீட்டிலும் அதே சட்டம்தான். விளக்கை அணைச்சியா என்று அவர் கேட்டு வாய் மூடுவதற்குள் அம்மா பதில் சொல்லிவிடுவாள்.

இந்த உரைகல்லில்தான் என் கல்யாணம் மாட்டிக்கொண்டது. நான் விரும்பியவர் சரக்குக் கப்பலில் எஞ்சினியர். நடுக்கடலிலிருந்து வீடியோ அழைப்பில் அப்பாவோடு பேசினார். கப்பலிலிருந்து வரும் பேச்சு முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் மேலே ஏறி, நான் வேலை பார்க்கும் நிறுவனத்தின் செயற்கைக்கோளைத் தொட்டு, மறுபடி கீழே இறங்க வேண்டும். பூமியோடு கூடவே சுற்றுவதால் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும் செயற்கைக்கோள் அது. கேள்விக்கும் அந்த வழிதான், பதிலுக்கும் அந்த வழிதான்.

"என் பொண்ண நல்லா பாத்துப்பீங்களா, தம்பி?"

அரை நொடி கழிந்தது. "நிச்சயமா பாத்துப்பேன், சார்."

அழைப்பு முடிந்ததும் அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பையன் முழுங்குறான்மா. பேரைக் கேட்டதுக்கே யோசிச்சான். இது சரிப்படாது."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தச் செயற்கைக்கோளைக் கவனிக்கும் தரைநிலையத்தில் சம்பளம் வாங்குகிறவள் நான். அதுவே என் குடியைக் கெடுப்பதா? படம் போட்டு விளக்கினேன். "வானத்து மேல பழி போடாத" என்றார். பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

மேலாளரிடம் அனுமதி வாங்கி, விடுமுறை நாளில் அப்பா, அம்மா இருவரையும் தரைநிலையத்துக்கு அழைத்துப் போனேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்புறம் அம்மா, இந்தப்புறம் அப்பா. இருவர் காதிலும் ஹெட்போன். கைக்கெட்டும் தூரம்தான். ஆனால் பேச்சு மட்டும் மேலே போய் வரும்படி சோதனை இணைப்பைப் போட்டுக் கொடுத்தேன்.

"காபி குடிச்சியா?" என்றார் அப்பா.

அம்மாவின் வாய் அசைந்து மூடியது. அதற்கப்புறம்தான் "ஆச்சு" என்ற குரல் அவர் காதுக்கு வந்தது. அப்பா விழித்தார். கதவைப் பூட்டினியா, மாத்திரை போட்டியா என்று அடுக்கிக்கொண்டே போனார். "அட, குரல் பின்னாடி நடந்து வருது" என்று சிரித்தார். எனக்கு உயிர் வந்தது.

அந்த உற்சாகத்தில், "என்னைக் கட்டிக்கிட்டதுல உனக்குச் சந்தோஷம்தானே?" என்றும் கேட்டுவிட்டார்.

அம்மாவின் வாய் அசையவே இல்லை. அப்பா காத்திருந்தார். ஹெட்போனைத் தட்டிப் பார்த்தார்.

"இதுவும் செயற்கைக்கோளாம்மா?"

"இல்லப்பா. இது அம்மா."

கடைசியில் அம்மா பேசினாள். "சந்தோஷம்தாங்க. இத்தனை வருஷத்தையும் ஒருதடவ திரும்பிப் பாத்துட்டுத்தான் சொல்றேன். டக்குன்னு சொல்லியிருந்தா, அது உங்களுக்குப் பயந்து சொன்னதா இருக்கும்."

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணாடித் தடுப்பைச் சுற்றிக்கொண்டு போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். ஹெட்போனைக் கழற்ற மறந்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவரே கப்பலுக்கு அழைத்தார். திரையில் என்னவரின் முகம் வெளிறிப் போயிருந்தது.

"என் பொண்ண நல்லா பாத்துப்பீங்களா?" என்று கேட்ட அப்பா, அதே மூச்சில் சேர்த்துச் சொன்னார்:

"அவசரமில்ல, மாப்பிள்ள. நிதானமா யோசிச்சே சொல்லுங்க. நாங்க இருக்கோம்."