வாசக அறையில் நின்ற நடிகர்

யார்க் நகரத்துப் பழைய நூலகத்தின் வாசக அறையில், கிழக்கு ஜன்னலருகே, ஒரு நடிகர் நானூறு ஆண்டுகளாகத் தன் வசனத்தைப் பேசக் காத்து நின்றார். அவர் வந்து நின்றபோது அது நாடகங்கள் நடந்த விடுதி முற்றம். நூலகத்தைப் பிறகு அவரைச் சுற்றிக் கட்டினார்கள். வெள்ளிக்கிழமைகளில் துப்புரவுப் பணியாளர் டோரீன் அவர்மேல் படிந்த தூசியைத் தட்டுவாள்.

எந்த நாடகம், எந்தக் காட்சி என்பது ஊருக்கே தெரியும்: கடல் கடந்து போன கணவன் வீடு திரும்பும் இடம். அச்சுப் பிரதியில் அவர் வசனத்துக்கு முந்தைய வரியை எத்தனையோ அறிஞர்கள் அவர் முன் உரக்கப் படித்தார்கள். அவர் வாய் திறக்கவில்லை. அக்கால நடிகருக்கு முழு நாடகம் கிடைக்காது. தன் வசனமும், அதற்கு முன் அடுத்தவர் பேசி முடிக்கும் சில சொற்களும் மட்டும் எழுதிய காகிதச் சுருள்தான் கிடைக்கும். அந்தச் சொற்கள் காதில் விழாமல் நல்ல நடிகர் அசையமாட்டார். இவர் மிக நல்ல நடிகர்.

முதுகலை ஆய்வுக்கு அந்த நாடகத்தையே எடுத்திருந்த ஹெஸ்டர் படித்தபோதும் அப்படித்தான்.

"இன்னிக்காவது அசைஞ்சாராம்மா?" என்றாள் டோரீன்.

"கண்ணச் சிமிட்டினாரு. உன் தூசித்துணி மூக்குல பட்டுச்சு, அதான்."

ஹெஸ்டரின் ஆய்வு வழிகாட்டி ஆக்ராய்ட் சிரிக்கவில்லை. "ஈஸ்டருக்குள்ள முடியலேன்னா வேற நாடகம் எடுத்துக்கோ. இவரு என்னையே பத்து வருஷம் அலைக்கழிச்சவரு."

ஹெஸ்டர் சொற்களை விட்டுவிட்டு நாடகத்தின் பழைய அச்சுத் தாளைப் பார்க்கக் கற்றுக்கொண்டாள். தாள்களை வரிசை மாறாமல் அடுக்குவதற்காக, அடுத்த பக்கத்தின் முதல் சொல்லை அக்கால அச்சுக்காரர்கள் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் போடுவார்கள். அந்தக் காட்சியில் பக்க அடியில் 'விளக்கை' என்றிருந்தது. அடுத்த பக்கமோ 'கதவை' என்று தொடங்கியது. நடுவில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது! அச்சு ஓடும்போதே பிழை திருத்துவதும், அதுவரை அச்சான தாள்களை வீணாக்காமல் சேர்த்துத் தைப்பதும் அவர்கள் வழக்கம். ஆகவே ஒரு பிரதிபோல் இன்னொன்று இராது. லண்டன் பிரதியிலும் அந்த வரி இல்லை. எடின்பரோ பிரதியில் இருந்தது; கதவைப் பற்றிய வரி அதில் நடிகரின் வசனத்துக்குப் பிறகே வந்தது.

ஈஸ்டருக்கு முந்தைய வியாழன், ஆக்ராய்ட் பக்கத்தில் நிற்க, ஹெஸ்டர் கதவைப் பற்றிய வரியை விட்டுவிட்டு விடுபட்ட வரியைப் படித்தாள்: "விளக்கை அணைக்காதே, அவர் வருவார்."

"வந்துவிட்டேன், கண்மணி" என்றார் நடிகர். குனிந்து வணங்கி, ஒரு காலத்தில் முற்றத்து வாயில் இருந்த இடத்துச் சுவர் வழியே வெளியேறினார். "நின்ன இடத்தையாவது தொடச்சிட்டுப் போயிருக்கலாம்" என்றாள் டோரீன். ஆக்ராய்ட் மட்டும் தொப்பியைக் கழற்றி ஹெஸ்டருக்கு வணக்கம் சொன்னார்.

அவள் ஆய்வேட்டின் அடிக்குறிப்பு இன்றும் அப்படியே இருக்கிறது: 'இங்கு விடுபட்ட வரி எடின்பரோ பிரதியிலிருந்து சேர்க்கப்பட்டது. நடிகர் ஏற்றுக்கொண்டார்.'