பின் அச்சில் ஒரு முனகல்

காதுக்காரர் என்றுதான் அவரை எல்லோரும் சொல்வார்கள். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே, கையில் இருக்கும் ஸ்பேனரைக் கீழே வைக்காமல், "வாட்டர் பம்ப்" என்பார். "கிளட்ச் பேரிங்" என்பார். வண்டிக்காரர் இறங்கி வாயைத் திறப்பதற்குள் நோயின் பெயர் வந்துவிடும். டாக்டராவது நாக்கை நீட்டச் சொல்வார், இவர் அதுகூடக் கேட்பதில்லை என்று சொல்லிச் சிரிப்பார்கள். பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தேவைப்பட்டதும் இல்லை.

அந்தக் காது இப்போது இல்லை. அது தெரிந்தது அவர் மனைவிக்கு மட்டும்தான்.

முதலில் போனது கைபேசி மணி. பிறகு குழாய் சொட்டுவது. அதற்குப் பிறகு, அவள் சமையலறையிலிருந்து கூப்பிடுவது. நேருக்கு நேர் நின்று கொஞ்சம் உரக்கப் பேசினால் புரிந்துகொள்வார். உதட்டையும் பார்த்துக்கொள்வார். டாக்டர் ஒரு கருவி கொடுத்தார். அதைப் பட்டறையில் ஒரு காலை முழுக்க மாட்டிப் பார்த்துவிட்டுக் கழற்றினார். "எல்லாம் ஒரே இரைச்சலா கேக்குது. இன்ஜினும் ஒண்ணுதான், இட்லிக் கடைக்காரன் கத்துறதும் ஒண்ணுதான். பிரிக்க முடியல" என்றார். கருவி அலமாரியில் பழைய வால்வுகளுக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தது.

அலமாரியை ஒட்டித்தான் அவளுடைய நாற்காலி. உதிரிபாகம் வாங்கி வருவதும், வருகிறவர்களோடு பேசுவதும் அவள் வேலை. வெளியில் விஷயம் கசிந்தால் யார் இங்கே வண்டியை விடுவார்கள் என்ற கவலை அவளுக்கு இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய கவலை வேறு. காது போய்விட்டதென்று அவரே ஒத்துக்கொள்ளும் நாள் வந்தால், அதற்கப்புறம் இந்த மனிதரிடம் என்ன மிச்சம் இருக்கும்?

மருந்துக்கடைக்காரர் வந்தது அப்படிப்பட்ட சமயத்தில்தான். புதிதாக வாங்கிய பழைய வண்டி. கறுப்பு, பெரியது, குடும்பமே ஏறி உட்காரலாம். முன்பு வைத்திருந்தவர் அதில் கம்பியும் சிமென்டும் ஏற்றியிருக்க வேண்டும். பின்கதவுக் கீறல்களே சாட்சி.

"ஐம்பதைத் தாண்டினா ஆரம்பிக்குதுண்ணே. ஊ...ன்னு. எங்க மாமியார் மாதிரி. சத்தமாவும் சொல்ல மாட்டாங்க, சும்மாவும் இருக்க மாட்டாங்க."

"பின்னாடியா, முன்னாடியா?" என்று அவள்தான் கேட்டாள்.

"பின்னாடிதான் அக்கா. முதுகுக்குப் பின்னால யாரோ முனகிட்டே வர்ற மாதிரி இருக்கு."

"ஓட்டிப் பாப்போம்" என்று காதுக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்து இருக்கையில் ஏறினார். போய்த் திரும்பினார்கள். இறங்கும்போதே சொல்லிவிட்டார். "இடது பக்கச் சக்கர பேரிங்."

மருந்துக்கடைக்காரருக்கு வாயெல்லாம் பல். "இதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன்."

அவளுக்கு வயிற்றில் பாலை வார்த்ததுபோல் இருந்தது. ஒருவேளை, வண்டியின் சத்தம் மட்டும் அவருக்கு வேறு வழியாகக் கேட்கிறதோ? பேச்சு கேட்காதவர்களுக்குப் பாட்டு கேட்பதில்லையா? அன்று மாலை கொஞ்சம் அதிகமாகவே பேசினாள். அவரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

இடது சக்கரத்தைக் கழற்றி, அச்சுத் தண்டை உருவி, பழைய பேரிங்கை அழுத்தி எடுத்துப் புதியதைப் போட்டார். கழற்றிய பேரிங்கை அவள் விரலில் மாட்டிச் சுற்றிப் பார்த்தாள். வெண்ணெய்போல் சுற்றியது. எந்தக் குறையும் இல்லை. அவரும் அதைச் சுற்றிப் பார்த்திருப்பார். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

வண்டி இரண்டே நாளில் திரும்பி வந்தது. மருந்துக்கடைக்காரரின் இடது கன்னம் இட்லிபோல் வீங்கியிருந்தது.

"சத்தம் அப்படியே இருக்குண்ணே. மாமியாருக்கு நல்ல புடவை எடுத்துக் கொடுத்தாச்சு, முனகல் மட்டும் நிக்கல." சிரிக்கப் போனவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். "ஒண்ணுமில்ல அக்கா, கடைவாய்ப் பல்லு. நேத்து பிடுங்கிட்டாங்க. ஊருக்கெல்லாம் மாத்திரை கொடுக்கிறேன், நான் போட்டா ஒண்ணும் வேலை செய்யல. போன தடவை வந்தப்பவே உயிர் போச்சு. வண்டி ஒரு குழியில இறங்கினா இந்தப் பக்கம் விண்ணு விண்ணுன்னு."

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் வண்டியின் பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மருந்துக்கடைக்காரர் போனதும் அவர் எதிரில் போய் நின்றாள். "இடது பக்கம்னு எப்படிச் சொன்னீங்க?"

அவர் ஸ்பேனரைத் துணியால் துடைத்தார்.

"கேட்டுச்சா?"

"அவர் மூஞ்சியில தெரிஞ்சுது" என்றார். "அம்பது தாண்டினப்ப இடது கன்னத்தைச் சுளிச்சார். நாலு தடவை. நான் எண்ணினேன்."

அவளுக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கியது. போன மாதம் வந்த வேன்காரருக்குச் சொன்ன நோயும், அதற்கு முன்னால் வந்த ஆட்டோவுக்குச் சொன்ன நோயும் இப்படிக் கண்டுபிடித்தவைதான். சத்தத்தை வண்டிக்காரரின் முகத்தில் படித்துக்கொண்டிருந்தார். குருட்டாம்போக்கில் சில சரியாக விழுந்துவிட்டன. இந்த முறை பல்வலியைப் படித்துவிட்டார். பேரிங்குக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் வித்தியாசம் தெரியாமல் போனது. வேறு யாருக்காவது நடந்திருந்தால் அவளே விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

"இடது இல்லன்னா வலதுதான்" என்று சொல்லிவிட்டு ஜாக்கியை உருட்டிக்கொண்டு போனார்.

வலது சக்கரமும் கழன்றது. அதிலும் பேரிங் நன்றாகவே இருந்தது. அதையும் மாற்றினார். வேலை முடிந்ததும், மருந்துக்கடைக்காரரைக் கூப்பிடாமல், "நீ ஏறு" என்றார் அவளிடம்.

ஊரைத் தாண்டி, இரண்டு பக்கமும் செங்கல் சூளைகள் இருக்கும் நேர் சாலையில் ஓட்டினார். முள் ஐம்பதைத் தொட்டது. பின்னாலிருந்து அது எழுந்தது. மெல்லிய, விடாத முனகல். அறுபதில் கொஞ்சம் தடித்தது. அவர் சாலையை ஒரு கண்ணாலும் அவளை ஒரு கண்ணாலும் பார்த்துக்கொண்டு ஓட்டினார். இரண்டு நாளாக அவர் சரியாகச் சாப்பிடவில்லை. கழுத்து எலும்பு சட்டைக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தது. அவர் அப்படி அவள் முகத்தைப் பார்த்ததாக அவளுக்கு நினைவே இல்லை. பெண் பார்க்க வந்த அன்றுகூட அவர் பார்த்தது தரையைத்தான்.

"போச்சா?" என்றார்.

அவள் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டாள்.

"போச்சு" என்றாள்.

அவர் மூச்சு விட்ட சத்தம் அவளுக்குக் கேட்டது. அவருக்குக் கேட்டிருக்காது.

மருந்துக்கடைக்காரருக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பதை அவள் எப்படி மறந்தாள் என்று பிறகு தன்னையே திட்டிக்கொண்டாள். பாதி சத்தம்தான் இருக்கிறது, பழகிப்போகும், விட்டுவிடுவார் என்று ஏதோ ஒரு நப்பாசை. வண்டியை எடுத்துப் போனவர் மறுநாளே வந்துவிட்டார். கோபம்கூட இல்லை. "அண்ணே, நான் சந்தேகப்படலை. ஆனா அது அப்படியே இருக்கு. அக்கா, நீங்களே வந்து கேளுங்களேன்" என்றார்.

அவர் அக்கா என்று சொன்ன உதட்டைக் காதுக்காரர் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவ்வளவுதான். ஏன் பொய் சொன்னாய் என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் அவளுக்கு ஆறியிருக்கும். நாற்பது வாட் பல்பை அணைத்ததுபோல் அந்த முகத்தில் ஏதோ ஒன்று அணைந்தது.

இந்த முறை அவள் பின் இருக்கையை மடக்கிவிட்டு, வண்டியின் தரையில் காதை வைத்துப் படுத்துக்கொண்டாள். மருந்துக்கடைக்காரர் ஓட்டினார். "அக்கா, பாத்துங்க, குழி வருது" என்று ஒவ்வொரு குழிக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். ரப்பர் விரிப்பின் நாற்றம் மூக்கில் ஏறியது. அவர் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது முனகல் தடித்தது. காலை எடுத்தால் மெலிந்து, சீட்டியடிப்பதுபோல் ஆனது. வளைவில் திரும்பும்போது மாறவே இல்லை. அவள் இடது பக்கம் நகர்ந்து கேட்டாள், வலது பக்கம் நகர்ந்து கேட்டாள். நடுவில் வந்தபோது காதுக்கு நேர் கீழே இருந்தது.

பட்டறைக்கு வந்து அவரிடம் சொன்னாள். "சக்கரம் இல்ல. நடுவுல. மிதிச்சா ஒரு மாதிரி, விட்டா ஒரு மாதிரி."

பின் அச்சின் நடுவில் இருக்கும் இரும்பு உருண்டைக்குள்தான் கிரவுன், பினியன் என்ற பல்சக்கரங்கள் இரண்டும் கடித்துக்கொண்டு ஓடுகின்றன. இன்ஜினின் சுழற்சியைச் சக்கரங்களுக்குத் திருப்பிவிடும் இடம் அது. மிதிப்பதற்கும் விடுவதற்கும் சத்தம் மாறினால் நோய் அங்கே. இது அவர் அவளுக்கு எப்போதோ சொல்லிக் கொடுத்ததுதான். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. கீழே படுத்து, ஆயில் திருகைக் கழற்றினார். கியர் ஆயில் கறுப்பாக ஒழுகி, பட்டறை முழுக்க நாறியது. தட்டில் தேங்கியதை வெயிலில் சாய்த்துப் பார்த்தார். உள்ளே இரும்புப் பொடி மினுமினுத்தது.

"ம்" என்றார். கண்ணால் பார்த்ததை நம்பினார்.

அடுத்த இரண்டு நாள் அவர் செய்த வேலையை அவள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பினியன் பேரிங்கின் உருளைகள் அம்மை போட்டதுபோல் குழிந்திருந்தன. பல்சக்கரங்களும் தேய்ந்திருந்தன. புது ஜோடி வாங்கி வரச் சொன்னார். பற்களில் மஞ்சள் பெயின்ட் தடவி, கையால் சுற்றி, ஒன்றன் மீது ஒன்று எங்கே அழுந்துகிறது என்று தடத்தைப் பார்த்தார். தடம் ஓரமாக விழுந்தது. எல்லாவற்றையும் கழற்றி, காகித கனத்தில் ஒரு இரும்பு வளையத்தைச் சேர்த்து, மறுபடி பூட்டினார். இன்னும் கொஞ்சம் ஓரம். மறுபடி கழற்றினார். கடைசியில் தடம் பல்லின் நட்டநடுவில், நெற்றிப் பொட்டுபோல் விழுந்தது. கண்ணும் கையும் அப்படியே இருந்தன. ஒரு குறையும் இல்லை.

மருந்துக்கடைக்காரர் வந்தார். அவர் ஓட்ட, காதுக்காரர் பக்கத்தில், அவள் பின்னால். செங்கல் சூளைகள் வந்தன. ஐம்பது. அறுபது. எண்பது. டயர் தார்ச்சாலையில் உருளும் சத்தமும் காற்றும் மட்டும்தான். அவள் கண்ணை மூடிக் கேட்டாள். இல்லை. அந்த முனகல் எங்கேயும் இல்லை.

"அண்ணே!" என்று ஸ்டீயரிங்கைத் தட்டினார் மருந்துக்கடைக்காரர். "மாமியார் இறங்கிப் போயிட்டாங்க!"

காதுக்காரர் சிரிக்கவில்லை. மருந்துக்கடைக்காரரின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தை இனி நம்ப முடியாது. திரும்பி அவளைப் பார்த்தார். அவள் உரக்க, உதடு தெளிவாகத் தெரியும்படி, "போச்சுங்க. நிஜமா போச்சு" என்றாள்.

"அன்னைக்கும் இதையேதான் சொன்ன" என்றார்.

மருந்துக்கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. கண்ணாடியில் அவளைப் பார்த்தார். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. காதுக்காரரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் இருப்பதால் அழுகிறாளா, இல்லாததால் அழுகிறாளா என்று அவர் தேடுவது அவளுக்குத் தெரிந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்துப் பார்த்தாள். அது இன்னும் மோசமாகப் போயிற்று.

பட்டறையில் இறங்கியதும் அவர் சாவிக்குக் கையை நீட்டினார். "இன்னும் ரெண்டு நாள் விட்டுட்டுப் போங்க. ஒருவாட்டி திறந்து பாத்துடறேன்."

"எதுக்குண்ணே? குணமானவனைப் பிடிச்சு யாராவது மறுபடி ஆபரேஷன் பண்ணுவாங்களா?"

"சரியா இருக்கான்னு..."

"சரியா இருக்குண்ணே. தங்கமா இருக்கு."

வண்டி போயிற்று. தெருமுனையில் அது திரும்பும்வரை அவர் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார். பழைய பழக்கம். திரும்பிய பிறகும் நின்றார்.

மறுநாள் காலை ஒரு வேன் வந்தது. ஓட்டுநர் இறங்கி, "அண்ணே, முன்னாடி ஏதோ கடகடங்குது" என்றார். காதுக்காரர் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"அடுத்த தெருவுல ஒரு பட்டறை இருக்கு. அங்க போங்க."

"என்னண்ணே, நீங்க பாக்க மாட்டீங்களா? சத்தம்னா காதுக்காரர்தானே?"

"இங்க பஞ்சர் மட்டும்தான்."

ஓட்டுநர் சிரித்தார். விளையாட்டு என்று நினைத்தார். அவள் எழுந்து போய், மெதுவான குரலில், அடுத்த தெருவுக்கு வழி சொன்னாள்.

மதியத்துக்கு மேல் ஒரு பையைத் தொங்கவிட்ட சைக்கிள்காரர் காற்று இறங்கிய டியூபோடு வந்தார். காதுக்காரர் அதில் காற்றடித்தார். முன்பெல்லாம் டியூபைக் கன்னத்துக்கு அருகில் ஒருமுறை சுற்றினாலே, உஸ் என்ற இடத்தில் விரலை வைத்துவிடுவார். கன்னத்தருகே கொண்டுபோன கையை இறக்கி, டியூபைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அழுத்தினார். குனிந்து காத்திருந்தார்.

குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே வந்து உடைந்தன.

"இருக்கு" என்றார், யாரிடமும் இல்லாமல். அவள் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவர் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.