இரண்டு மஃரிபு

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டபோது சாயிரா பானு கஞ்சிக் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஒழுங்காகக் கழுவ நேரமில்லை. தண்ணீரை ஊற்றி ஒரு சுழற்றுச் சுழற்றிவிட்டு, அரிசி மூட்டைக்குப் பின்னால் கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். ரமலான் மாதத்தில், பட்டப்பகலில், ஒரு முஸ்லிம் வீட்டு அடுப்படியில் ஈரக் கோப்பை இருந்தால் அதற்கு விளக்கம் சொல்லியாக வேண்டும். அவளிடம் விளக்கம் இருந்தது. சொல்லத்தான் வாய் வரவில்லை.

வந்தவர் அண்ணன் ஜலாலுதீன். சிராங்கூன் ரோட்டுத் துணிக்கடையிலிருந்து ஓடி வந்திருந்தார். அளவு நாடா இன்னும் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அவருக்குச் சொல்லப் போன பக்கத்து அறைப் பூவம்மா பின்னாலேயே மூச்சு வாங்க ஏறி வந்தாள்.

"எப்ப பானு?"

"இப்பதான் நானா. தூங்குறாருன்னு நெனச்சேன். தொட்டுப் பாத்தேன்."

ஜலாலுதீன் பாயருகே உட்கார்ந்து வாப்பாவின் நெற்றியில் கையை வைத்தார். 'இன்னா லில்லாஹி' ஓதத் தொடங்கிப் பாதியில் அழுதார். பெரிய உடம்பு, அழும்போது மொத்தமாகக் குலுங்கியது. அழுது முடித்து மூக்கைச் சிந்தியபோது அவர் முகத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது.

"நோன்போட போயிட்டாரு, பாத்தியா? ரமலான் மாசம், நோன்பு வயிறு. யாருக்குக் கெடைக்கும் இது?"

சாயிரா பானு பூவம்மாவைப் பார்த்தாள். பூவம்மா சுவரைப் பார்த்தாள். அந்தக் கஞ்சியைக் காய்ச்சியவள் அவள்தான்.

இத்தனைக்கும் காரணம் வாப்பா நாகூர் கனியின் பிடிவாதம். சர்க்கரை வியாதி முதலில் அவர் கண்ணைத் தின்றது, பிறகு சிறுநீரகத்துக்குப் போனது. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் கையை விரிக்காத குறையாகச் சொல்லியனுப்பினார்: "சாப்பிடாம மாத்திரை போட்டா ஆள் மயங்கிடுவாரு. மாத்திரை போடலன்னா ஆளே இருக்க மாட்டாரு. ஃபாஸ்டிங் எல்லாம் கூடவே கூடாது." பள்ளிவாசல் ஹனீபா லெப்பையும் வீட்டுக்கு வந்து, நோயாளிக்கு மார்க்கத்திலேயே சலுகை இருக்கிறது என்று பக்குவமாக எடுத்துச் சொன்னார். நாகூர் கனி கேட்டுக்கொண்டார். "சலுகை நோயாளிக்கு லெப்பை. எனக்குக் கண்ணுதான் தெரியல" என்றார்.

ஜலாலுதீனுக்கு இதில் உள்ளூரப் பெருமை. குவீன்ஸ்டவுனில் அரசாங்க வீடு கிடைத்துக் குடும்பத்தோடு போய்விட்டவர் அவர். வாப்பாவைப் பார்க்கும் பொறுப்பு தங்கையிடம் இருந்தது. அவள் கணவர் கப்பல் வேலையில் ஆண்டில் பாதி நாள் கடலில் இருந்தார். நோன்பு திறக்க மட்டும் அண்ணன் தினமும் டன்லப் ஸ்திரீட்டில் இருந்த இந்த வீட்டுக்கு வந்துவிடுவார். பள்ளிவாசலில் நாலு பேர் நின்றால் பேச்சு எப்படியோ வாப்பாவிடம் வந்து சேரும். "இந்த நெலமையிலயும் எங்க வாப்பா ஒரு நோன்பு விடல லா" என்று கடைத்தெருப் பேச்சில் இழுப்பார். கேட்டவர்கள் மாஷா அல்லாஹ் என்பார்கள். நோன்பு பிடித்தவர் வாப்பா, நிமிர்ந்து நடந்தவர் மகன்.

முதல் நோன்பன்று வெயில் ஏறுவதற்குள் வாப்பாவின் கை நடுங்கத் தொடங்கியது. உதடு வெளுத்தது. சாயிரா பானு கெஞ்சிப் பார்த்தாள், அழுதும் பார்த்தாள். அவர் அசையவில்லை. அன்றைக்குத்தான் அவள் ஜன்னல்களைச் சாத்தினாள். வாப்பா கண்ணயர்ந்து எழுந்ததும் உள்ளங்கையில் ஒரு பேரீச்சம்பழத்தை வைத்தாள்.

"பாங்கு சொல்லிட்டாங்க வாப்பா."

"அதுக்குள்ளயா?"

"நல்லாத் தூங்கிட்டீங்க."

அவர் பிஸ்மி சொல்லிப் பழத்தை வாயில் போட்டார். கஞ்சி குடித்தார், மாத்திரை விழுங்கினார். "நீயும் தொறம்மா" என்றார். அவள் நோன்பாளி. வெறும் டம்ளரைக் கரண்டியால் தட்டிச் சத்தம் காட்டினாள். பிறகு, தினமும் நோன்பு திறந்ததும் செய்வதுபோல, மறுநாள் நோன்புக்கு நிய்யத்து சொல்லிக் கொடுக்கச் சொன்னார். அவள் சொல்ல, அவரும் கூடவே சொன்னார்: இந்த வருஷத்து ரமலான் மாசத்து பர்ளான நோன்பை நாளைக்குப் பிடிக்க நிய்யத்து செய்றேன், அல்லாவுக்காக.

மாலையில் ஜலாலுதீன் பள்ளிக் கஞ்சியைத் தூக்கில் வாங்கி வந்தார். சூரியன் மறைந்ததும் உண்மையான மஃரிபு பாங்கு ஒலித்தது. வாப்பா மறுபடி பழம் சாப்பிட்டார், மறுபடி நிய்யத்து சொன்னார். 'இதென்ன, இன்னைக்கு ரெண்டாவது மஃரிபா?' என்று அண்ணன் முன்னால் கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் கேட்கவில்லை. அதற்கடுத்த நாட்களிலும் கேட்கவில்லை. நோயில் அவருக்குப் பொழுது குழம்பிவிட்டது என்று எடுத்துக்கொண்டாள். அப்படி எடுத்துக்கொள்வது வசதியாகவும் இருந்தது.

பகலில் தன் அடுப்பில் கஞ்சி மணந்தால் ஊர் வாய் சும்மா இருக்காது என்று பூவம்மாவிடம் போனாள். அந்த வருஷம் பொங்கல் நோன்புக்குள் வந்திருந்தது. "எங்க வீட்டுல பொங்கலுக்கு வாங்கி வச்ச அரிசி கெடக்கு தாயி, நான் காய்ச்சித் தரேன்" என்ற பூவம்மா ஒரு கேள்வி மட்டும் கேட்டாள். "உங்க சாமி கோவிச்சுக்காதா?"

"கோவிச்சா என்னையத்தான் கோவிக்கணும். வாப்பா மேல என்ன தப்பு?"

இப்போது அந்த வாப்பா வெள்ளைத் துணியின் கீழ் கிடந்தார். டாக்டர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளியில் ஜனாஸாத் தொழுகை, அப்படியே பிடாதாரியில் அடக்கம் என்று முடிவானது. ஆட்கள் வரத் தொடங்கினார்கள். சேதி அவர்களுக்கு முன்பே ஏறி வந்திருந்தது. நோன்போட மவுத்தாமே, குடுத்து வச்ச மனுசர். பெண்கள் சாயிரா பானுவின் கையைப் பிடித்துக்கொண்டு, நீ செய்த பணிவிடைக்குக் கூலி உண்டு என்றார்கள். அவளுக்குக் கையை உருவிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. வாப்பா இறந்த துக்கம் எங்கோ ஓரமாக நின்றது, வெட்கம் முன்னால் வந்து நின்றது.

வீட்டின் பின்புறம் தண்ணீர்க் குழாய் இருந்த இடத்தில் சேலைகளைத் திரையாகக் கட்டி மய்யித்தைக் குளிப்பாட்டினார்கள். உள்ளே ஹனீபா லெப்பை, ஜலாலுதீன், கடையாள் ஒருவர். திரைக்கு வெளியே நின்று அவள் வாளியில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள். லெப்பை விரலில் ஈரத்துணியைச் சுற்றி வாப்பாவுக்குப் பல் துலக்கும் நேரம் என்பது உள்ளே வந்த பேச்சிலிருந்து தெரிந்தது. பேச்சு நின்றது.

"ஜலாலு, காலையில வாப்பா ஏதாச்சும் சாப்பிட்டாங்களா?"

"என்ன லெப்பை இப்படிக் கேக்குறீங்க? நோன்பு லா!"

வாளி நிரம்பி வழிந்து அவள் காலை நனைத்தது. திரையின் இடுக்கில் லெப்பையின் கை தெரிந்தது. விரலில் சுற்றியிருந்த துணியை எடுத்து, உள்பக்கமாக மடித்து, பலகைக்கு அடியில் போட்டார். வேறு துணியைச் சுற்றிக்கொண்டார்.

"தண்ணி ஊத்துங்க" என்றார்.

வெள்ளைத் துணியால் கஃபனிட்டு, முகம் மட்டும் தெரிய மாடிக்குக் கொண்டுவந்து கிடத்தினார்கள். அத்தரும் கற்பூரமும் மணத்தன. லெப்பை கை துடைத்துக்கொண்டு நின்றபோது ஜலாலுதீன் அவர் பக்கம் சாய்ந்தார்.

"லெப்பை, தொழுகைக்கு முன்னாடி சபையில ஒரு வார்த்தை சொல்லிடுங்க. வாப்பா நோன்போட மவுத்தானாருன்னு."

"வாப்பாவுக்காக துஆ கேக்கச் சொல்றேன் ஜலாலு. அது போதும்."

"இல்ல லெப்பை, சொன்னா நாலு பேருக்கு நல்லதுதானே? சிராங்கூன் ரோட்டு ஆளுங்களும் வர்றாங்க, காத்தோங்குலேருந்து வர்றாங்க. நீங்க சொன்னா மதிப்பு."

லெப்பையின் பார்வை ஜலாலுதீனைத் தாண்டிக் கதவோரம் நின்ற சாயிரா பானுவிடம் வந்து, நிற்காமல் போய்விட்டது.

அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும். வாப்பாவுக்குப் பேர், நானாவுக்குப் பெருமை, அவளுக்கும் ஒரு கெட்ட பேரும் இல்லை. வாப்பாவிடம் சொன்ன பொய்யை அவர் உயிருக்காகச் சொன்னாள். அதை அல்லாவின் முன்னால் நின்று சொல்லவும் தயாராக இருந்தாள். இந்தப் பொய் யாருக்காக என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? தனக்காக என்றுதான் சொல்ல வேண்டும். அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

"நானா, அடுப்படிக்கு ஒரு நிமிஷம் வாங்க."

அவர் வந்தார். கழுத்தில் இன்னும் அந்த நாடா.

"பள்ளியில அப்படிச் சொல்லச் சொல்லாதீங்க."

"ஏன்?"

"வாப்பா நோன்பா இல்ல. காலையில கஞ்சி குடுத்தேன். மாத்திரையும் குடுத்தேன்."

"வாப்பா குடிச்சாரா? நம்ம வாப்பாவா?"

"பாங்கு சொல்லிட்டாங்கன்னு சொன்னேன். முத நோன்புலேருந்து தெனமும் அப்படித்தான்."

அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்து கோப்பையை எடுத்துக் காட்டினாள். அடியில் ஒரு பருக்கை காய்ந்து ஒட்டியிருந்தது. ஜலாலுதீன் மூட்டையின் மேல் உட்கார்ந்தார். நோன்பு மயக்கமோ என்னவோ, நெற்றியில் வியர்த்திருந்தது.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

கேட்ட கேள்வி அவர் காதிலேயே போய் விழுந்திருக்க வேண்டும். முகம் சுருங்கியது. கழுத்திலிருந்த நாடாவை அப்போதுதான் கண்டவர்போல இழுத்தெடுத்து, விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். வெளியே யாரோ, மய்யித்தை வைத்துத் தூக்கும் சந்தூக் வந்துவிட்டது என்று குரல் கொடுத்தார்கள்.

"வயிறு நெறையக் குடிச்சாரா பானு?"

"முழுசாக் குடிச்சாரு நானா."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கோப்பையை அவள் கையிலிருந்து வாங்கி, குழாயடியில் தேய்த்துக் கழுவி, எல்லோரும் பார்க்கும் அலமாரியில் கவிழ்த்து வைத்தார். பிறகு லெப்பையிடம் போனார்.

"நீங்க சொன்ன மாதிரி துஆ மட்டும் கேக்கச் சொல்லுங்க லெப்பை."

"சரி" என்றார் லெப்பை.

கலிமா சொல்லிக்கொண்டே தூக்கினார்கள். படி குறுகல் என்பதால் சந்தூக்கைக் கீழேயே வைத்து, மய்யித்தைக் கையிலேயே இறக்கினார்கள். ஜலாலுதீன் தலைமாட்டைப் பிடித்திருந்தார். ஜன்னலிலிருந்து பார்த்தபோது தெருவில் வெள்ளைத் தொப்பிகள் பள்ளியை நோக்கி நகர்ந்தன, எதிரே வந்த சைக்கிள் டிரைஷாக்காரன் ஓரமாக நிறுத்தி இறங்கி நின்றான்.

நோன்பு திறக்கும் நேரம் நெருங்கியதும் பெண்கள் ஒவ்வொருவராகத் தங்கள் வீட்டுக்குப் போனார்கள். சாயிரா பானு ஜன்னலுக்குக் கீழே, வாப்பாவின் பாய் கிடந்த பலகைத் தரையில் உட்கார்ந்தாள். பாயைச் சுருட்டி ஓரமாக வைத்திருந்தார்கள்.

நானாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், ஒன்றைத் தவிர.

இன்று காலை ஜன்னலைச் சாத்த மறந்துவிட்டாள். பழத்தை உள்ளங்கையில் வைத்து, "பாங்கு சொல்லிட்டாங்க வாப்பா" என்று சொன்ன பிறகுதான் பார்த்தாள். காலை வெயில் பாயில் பாதியும், அவர் இடுப்பு வரையும் விழுந்திருந்தது. வாப்பா பழத்தை உடனே வாயில் வைக்கவில்லை. இன்னொரு கையைப் பாயில் மெதுவாக நகர்த்தினார். நிழலிலிருந்து வெயிலுக்கு. வெயிலில் கொஞ்ச நேரம் உள்ளங்கையை வைத்திருந்தார். திரும்ப நிழலுக்கு எடுத்தார்.

அவர் பிஸ்மி சொன்னார். பழத்தைத் தின்றார். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். மாத்திரைக்கு வாயைத் திறந்து காட்டினார். அவள் வழக்கம்போல டம்ளரையும் கரண்டியையும் எடுத்தாள்.

"நீ தொறக்க வேணாம்மா" என்றார். "இன்னும் நேரம் இருக்கு."

நிய்யத்து சொல்லிக் கொடுக்கச் சொன்னார். அவளால் சொல்ல முடியவில்லை. அவரே சொன்னார், நாளைக்குப் பிடிக்க என்று, ஒரு வார்த்தை விடாமல். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பள்ளியிலிருந்து பாங்கு எழுந்தது. பூவம்மா ஒரு கையில் தண்ணீரும் ஒரு கையில் பேரீச்சம்பழத் தட்டுமாக வாசலில் வந்து நின்றாள். இவள் அசையாமல் இருப்பதைப் பார்த்து, காது கேளாதவர்களிடம் சொல்வதுபோலக் குரலை உயர்த்தினாள்.

"தாயி, பாங்கு சொல்லிட்டாங்க. தொற."

சாயிரா பானு பழத்தை வாங்கிக்கொண்டாள். மற்றக் கையைத் தரையில், காலையில் வெயில் விழுந்த இடத்தில் வைத்துப் பார்த்தாள். பலகை ஆறிப்போயிருந்தது.

பிஸ்மி சொல்லிப் பழத்தை வாயில் வைத்தாள்.