நிழலில்லாத படகோட்டியும் ஒரு பீரோவும்

வீடு மாற்றும் வேலையில் பீரோ தூக்க உயரம் ஒத்த ஜோடி வேண்டும். எனக்கு வாய்த்தவன் என் மனைவியின் தம்பி. என் நெட்டை உடம்புக்கு எங்கள் கூட்டத்தில் வேறு ஆள் கிடையாது. மற்றவர்களோடு தூக்கினால் நான் குனிந்தே நடக்க வேண்டும். இருக்கிற இடுப்பும் போய்விடும். அப்படிப்பட்டவன் ஒரு சினிமாவால் என்னை விட்டுப் போக இருந்தான்.

குடும்பத்தையே ஆசையாகக் கூட்டிப்போனவன் அவன்தான். படத்தில் ஒரு படகோட்டி. தினமும் அந்தியில் நிழலில்லாத ஒரு பெண் அவன் படகில் ஏறுகிறாள். கடைசியில் பார்த்தால் படகோட்டிக்கே நிழலைக் காணோம். அவ்வளவுதான், விளக்கைப் போட்டுவிட்டார்கள். பாதிப் பேர் கைதட்டினார்கள், பாதிப் பேர் ஊளையிட்டார்கள். மறுநாள் காலையில் விமர்சனங்களை எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்தேன்: ஒரு பேப்பர் 'அற்புதம்' என்றது, இன்னொன்று 'தலைவலி' என்றது.

தியேட்டர் வாசலிலேயே தகராறு ஆரம்பம்.

"அவ தண்ணிக்குள்ள வாழுற தேவதை மாமா."

"தேவதையாவது தேவாங்காவது! படகோட்டிக்கு மூளை கலங்கிடுச்சு, அவ்வளவுதான்."

என் மனைவி சிரித்துவிட்டாள். அதுதான் வினை. மச்சான் முகம் சுண்டிப்போயிற்று.

"ரசனை இல்லாதவங்ககூட இனிமே தூக்க மாட்டேன். நாளையோட சரி. அப்புறம் வேற கூட்டம் பாத்துக்கறேன்."

அந்த 'நாளை'யும் வந்தது. ஒரு பீரோவை மூன்றாம் மாடிக்கு ஏற்ற வேண்டும். லிஃப்டில் அது நுழையவில்லை. மேல்முனையைப் பிடிப்பவன் பின்பக்கமாகவே ஏறுவான், அவனுக்குக் கண் கிடையாது. கீழே இருப்பவன்தான் எட்டிப் பார்த்துப் படி, திருப்பம், மாடி எல்லாம் சொல்ல வேண்டும். மேலே நான், கீழே அவன்.

"படி. படி. திருப்பம்." வேறு பேச்சே இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"தேவதைன்னா படத்துல அவளுக்கு ஏன்டா தும்மல் வருது?"

"படி. ஈரத்துலயே இருந்தா தும்மாதா? படி. மூளைதான் கலங்குச்சுன்னா கரையில நின்ன நாய் யாரப் பாத்துக் குரைச்சுது? திருப்பம்."

"பைத்தியத்தப் பாத்தா எந்த நாயும் குரைக்கும்டா."

"அப்ப உங்களப் பாத்து ஏன் குரைக்க மாட்டேங்குது? படி!"

இப்படியே ஏறி, திறந்திருந்த கதவுக்குள் நுழைந்து, உள்ளறையில் பீரோவை நிறுத்தினோம். ஒரு பெரியம்மா கைதட்டி மகிழ்ந்தார். "என் பையன் அனுப்பினானா? சொல்லவே இல்லையே!" உடனே துணிகளை எடுத்து அடுக்கவும் தொடங்கினார்.

கீழ் மாடியிலிருந்து பீரோவின் சொந்தக்காரர் கத்தினார்: "என் பீரோ எங்கய்யா?"

நாங்கள் நின்றது நாலாம் மாடி.

எங்கள் மேஸ்திரி மூச்சிரைக்க ஏறி வந்தார். "மாடி எண்ண வேண்டியவன் எவன்டா?"

மச்சான் வெளிறிப்போனான். இன்னொரு தப்பு செய்தால் வேலை கிடையாது என்று போன வாரம்தான் அவனிடம் சொல்லியிருந்தார்.

"நான்தாங்க காரணம்," என்றேன். "பேச்சுக் குடுத்து அவன் கணக்கக் கெடுத்துட்டேன்."

மேஸ்திரி என்னை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனார். பெரியம்மாவிடம் மன்னிப்புக் கேட்டு, துணிகளை எடுத்துக் கொடுத்தோம். இறக்கும்போது பாரம் முழுக்கக் கீழ்முனையில்தான். நான் அங்கே போகுமுன் மச்சான் போய் நின்றுகொண்டான். இப்போது பின்பக்கமாக இறங்குபவன் அவன், கண் நான்.

"படி," என்றேன். "நாளைக்கு யார்கூடடா? படி."

"உங்ககூடத்தான் மாமா, வேற எவன் என்கிட்ட மாட்டுவான்? ஆனா ஒண்ணு, அவ தேவதைதான்."

எனக்கு வாய் துறுதுறுத்தது. ஆனால் எண்ணுகிற வேலை இப்போது என்னுடையது.

"திருப்பம்," என்று மட்டும் சொன்னேன்.