வெளி ஆள் கை

"வெளி ஆள் யாரும் கை வைக்கக்கூடாது மேடம். அது ஒண்ணுதான் கண்டிஷன்" என்று சொன்ன ஷோரூம் பெண், சொல்லி முடித்ததும் என் கணவரின் விரல்களைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். எலுமிச்சம்பழத் தோல் போட்டுத் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் வந்திருந்தார். ஆனாலும் நகக்கண்ணில் இருந்த கறுப்பு அப்படியேதான் இருந்தது. அவர் கையை மேஜையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபமில்லை. பாவம், மனப்பாடம் பண்ணினதை ஒப்பிக்கிறாள். முதல் இரண்டு வருஷம் கம்பெனியே பார்த்துக்கொள்ளுமாம். அதற்கு மேல் மூன்று வருஷத்துக்கு வேண்டுமென்றால் எக்ஸ்டெண்டட் வாரண்டி என்று இப்போதே தனியாகக் கட்ட வேண்டுமாம். நடு ரோட்டில் நின்றாலும் அவர்கள் ஆளே வந்து தூக்கிக்கொண்டு போவார்களாம். நான் அவளைக் கவனிக்கவே இல்லை. பக்கத்தில் இருக்கிற மனிதர் வாயைத் திறந்து, "அதெல்லாம் எதுக்கு, நான் இருக்கேன்ல" என்று சொல்வார் என்று காத்துக்கொண்டிருந்தேன். இருபது வருஷமாக வண்டிப் பட்டறை நடத்துகிறவரின் பெண்டாட்டி வேறு எதற்குக் காத்திருப்பாள்?

"போட்டுடு. நிம்மதி" என்றார் அவர்.

யோசித்து, வண்டி எடுக்க வரும்போது சொல்கிறேன் என்று எழுந்துவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு முகம் விழுந்துவிட்டது. எனக்கு அதைவிட.

என் வேலை, வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பது. ஒரு பரிசோதனைக்கூடத்தில் சம்பளம். விடிகிற நேரத்தில் கிளம்பி, வெறும் வயிற்றோடு எரிச்சலில் உட்கார்ந்திருக்கிற ஜனங்களின் கையைப் பிடித்து, ஊசி குத்தி, குழாய்களை ஐஸ் பெட்டியில் அடுக்கிக்கொண்டு அடுத்த வீடு. இப்போது ஊருக்கு வெளியே இருக்கிற குடியிருப்புகளுக்கெல்லாம் போகச் சொல்கிறார்கள். ஸ்கூட்டரில் முடியாது, அதனால்தான் கார். அந்த ஸ்கூட்டரைப் பற்றிச் சொன்னால் சிரிப்பீர்கள். ஸ்டாண்டு உடைந்து, சுவரில் சாய்த்துச் சாய்த்தே காலத்தை ஓட்டினேன். கேட்டால், "நாளைக்குப் பாத்துடறேன்." மற்றவர்கள் வண்டி பட்டறையில் வரிசையில் நிற்கும். வீட்டு வண்டி வரிசையில் நிற்க வேண்டாம் இல்லையா, அதனால் அதன் முறை வரவே இல்லை.

ஆனால் கண்ணாடியின் கார் கதவு லேசாகக் கிரீச்சென்றால் போதும். கண்ணாடி என்பது நான் வைத்த பெயர். இரண்டு தெரு தள்ளி மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாள். புருஷன் கப்பலில். என் வயதுதான், பார்த்தால் சொல்ல முடியாது. ஊரே என் கணவரை மெக்கானிக் என்று கூப்பிடும், அவள் மட்டும் "மாஸ்டர்." அவள் போன் வந்தால் மனிதர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுந்து கை கழுவுவார். தப்பாக ஒன்றும் இல்லை, அது எனக்கே தெரியும். கதவைத் திறந்து போட்டுக்கொண்டு, தெருவே பார்க்க, காருக்கு அடியில் படுத்துக் கிடப்பார். அவள் பக்கத்தில் நின்று தண்ணீர் சொம்பை நீட்டுவாள். அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் போதுமே என் வயிறு எரிய! எனக்காக இந்த மனிதர் ஒரு நாளாவது மண்ணில் முதுகு பட மல்லாந்திருக்கிறாரா? புதுக் கார் வருகிறது என்றதும் நான் கொள்ளை ஆசையோடு நினைத்தது இதைத்தான். அது எப்போதாவது பழுதாகும். அப்போது அவர் படுத்துத்தானே ஆக வேண்டும், நானும் சொம்போடு நிற்பேன்.

அந்த ஆசையிலும்தான் "போட்டுடு, நிம்மதி" என்று மண்ணைப் போட்டார்.

மறுநாள் காலை பரிசோதனைக்கூடம் கொடுத்த முகவரிகளில் கண்ணாடியின் வீடும் இருந்தது. சர்க்கரை பார்க்க வேண்டுமாம். எனக்கு அற்ப சந்தோஷம், மறைப்பானேன். ஆனால் வீட்டுக்குள் போனதும் அது போய்விட்டது. முன்னறையில் ஒரே நாற்காலி, ஒரே தட்டு கவிழ்த்து வைத்த மேஜை, சுவர் முழுக்க மாலுமி உடையில் புருஷன். மெத்தென்ற தலையணையை மடியில் வைத்து அதன் மேல் கையை நீட்டினாள். ரப்பர் பட்டையைக் கட்டினதுமே நரம்பு பச்சையாக எழும்பி நின்றது. கண்ணை மூடிக்கொண்டு குத்தலாம், அப்படிப்பட்ட கை. அதுகூட இவளுக்கு நன்றாக வாய்த்திருக்கிறது பாருங்கள்.

"மாஸ்டர் வீட்டம்மாதானே நீங்க? புது வண்டி வாங்கறீங்களாமே, அவர்தான் சொன்னார்."

"ஆமா. கையை இறுக்கி மூடிக்கோங்க."

"என்னுதும் அதே கம்பெனிதான். மூணு வருஷம் முந்தி வாங்கறப்ப அவரைத்தான் கூட்டிட்டுப் போனேன். எக்ஸ்டெண்டட் வாரண்டி போடுங்கன்னு அந்தக் கடைக்காரங்க ஒரே பிடியா பிடிச்சாங்க. மாஸ்டர் சொல்லிட்டார், 'எதுக்கு மேடம் தண்டத்துக்கு, நான் இருக்கேன்ல'ன்னு. அதோட எழுந்து வந்துட்டோம். உங்களுக்கு அந்தக் கவலையே இல்ல, வீட்டுலயே ஆள் வெச்சிருக்கீங்க."

ஊசி தப்பிவிட்டது. குழந்தைக் கையிலும், சாகக் கிடக்கிற கிழவர் கையிலும் ஒரே குத்தில் எடுக்கிறவள் நான். கயிறு மாதிரி எழும்பி நிற்கிற நரம்பை விட்டுவிட்டுப் பக்கத்தில் குத்தினேன். ஒரு சொட்டு வரவில்லை. தோல் வீங்கி நீலம் பாரித்தது. பஞ்சை வைத்து அமுக்கிக்கொண்டு, சாரி என்றேன்.

"அட பரவால்லம்மா, தெரியாமத்தானே. இன்னொரு கை இருக்குல்ல" என்று நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து மற்றக் கையைத் தலையணையில் வைத்தாள். அதட்டியிருந்தால்கூடத் தேவலை. போகும்போது காபி வேறு கேட்டாள், குடிக்கிறேனா என்று. அவளே இன்னும் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.

ரத்தத்தைக் கொண்டுபோய்ப் பரிசோதனைக்கூடத்தில் கொடுத்துவிட்டு நேராகப் பட்டறைக்குப் போனேன். ஒரு வேனுக்கு அடியிலிருந்து அவருடைய கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. முகத்தைப் பார்த்தால் அழுதுவிடுவேன் என்று பயம். அதனால் கால்களிடமே கேட்டேன்.

"கண்ணாடிக் கடையம்மாகிட்ட வாரண்டி வேணாம்னீங்களாமே?"

ஸ்பேனர் சத்தம் நின்றது.

"அவங்களுக்குன்னா நீங்க இருக்கீங்க. எனக்குன்னா கம்பெனிக்காரன் இருக்கான். நல்லா இருக்குங்க நியாயம்."

பலகையில் உருண்டு வெளியே வந்தார். கன்னத்தில் கிரீஸ். எழுந்திருக்காமல் படுத்தபடியே என்னைப் பார்த்தார். "என்ன காலங்காத்தால ஏழரையைக் கூட்டற?" என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். பட்டறையில் வேறு யாரும் இல்லையா என்று ஒரு பார்வை. பிறகு மெதுவாக, "எனக்கு அந்த வண்டி தெரியாதுடி" என்றார்.

"எந்த வண்டி?"

"புது வண்டி எதுவுமே. பானட்டைத் தொறந்தா கறுப்பா ஒரு மூடி. அதுக்குள்ள எல்லாம் ஒயரு, சென்சார். காதை வெச்சுக் கேட்டாப் பழைய எஞ்சின் எங்கிட்டப் பேசும். இது பேசாது. அந்தம்மா வண்டி கோளாறாச்சுன்னா நான் படுத்துப் பாக்கற மாதிரி பாத்துட்டு, பட்டறைக்கு எடுத்துட்டுப் போறேன்னு சொல்லி, கம்ப்யூட்டர் வெச்சிருக்கான் பாரு பைபாஸ்ல ஒருத்தன், அவன்கிட்ட காசு குடுத்துப் பாத்துட்டு வரேன். கைக்காசு."

"அப்பறம் எதுக்கு அவங்ககிட்ட அப்படிச் சொன்னீங்க?"

"அத்தனை பேர் நடுவுல, 'மாஸ்டர் உங்களுக்குத் தெரியாததா'ன்னு கேட்டுட்டாங்க. இல்லன்னு சொல்ல வாய் வரல."

"எங்கிட்ட மட்டும் வருதா?"

"நீ யாரு, வேத்து மனுஷியா? உங்கிட்ட எதுக்குப் பொய்? எங்கியோ காட்டுல போய் உன் வண்டி நின்னுடுச்சுன்னா, நான் வந்து மூடியைப் பாத்துக்கிட்டு நிக்கணுமா?" என்றார். சொல்லிவிட்டு மறுபடி வேனுக்கு அடியில் உருண்டு போய்விட்டார்.

இதைக் கேட்டு நான் உருகியிருக்க வேண்டும். இந்த வயதில் தனக்குத் தொழில் தெரியவில்லை என்று ஒரு ஆண்பிள்ளை ஒரே ஒருத்தியிடம் சொல்கிறார், அந்த ஒருத்தி நான். உருகத்தான் செய்தேன், தெருமுனை வரைக்கும். அதற்குள் மனசு திருப்பிப் போட்டுப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. அவளுக்கு மாஸ்டர், எனக்கோ 'தெரியாது' என்று கையை விரிக்கிற மனிதர். அவளுக்காகக் கைக்காசைப் போட்டுப் பொய்யைக் காப்பாற்றுகிறார். எனக்கு உண்மை இலவசமாகக் கிடைத்தது. உண்மையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அந்தப் பொய் எனக்கும் வேண்டும். அவள் காதில் விழுந்த அதே வார்த்தை, அதே கம்பீரத்தோடு என் காதிலும் விழ வேண்டும். வண்டி நின்றால் நிற்கட்டும். காட்டில் ஐஸ் பெட்டியோடு உட்கார்ந்திருக்கிற என்னையும் கற்பனை பண்ணிப் பார்த்தேன். பயமாகத்தான் இருந்தது. ரத்தம் கெட்டுப்போனால் வேலை போகும், அதுவும் தெரியும். பொறாமை பிடித்தவளுக்கு இதெல்லாம் உறைக்குமா?

வண்டி எடுக்கிற அன்றைக்கு அவர் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தார். ஷோரூம் பெண் காகிதங்களை என் பக்கம் தள்ளி, கடைசித் தாளில் விரலை வைத்தாள். "எக்ஸ்டெண்டட் வாரண்டி மேடம். யோசிச்சீங்களா?"

"போடுங்க" என்றார் அவர்.

"வேணாம்" என்றேன் நான். பக்கத்து மேஜைக்காரர்களும் திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தமாகத்தான் சொன்னேன். "வீட்டுக்காரர் மெக்கானிக். எங்களுக்கு எதுக்கு?"

அந்தப் பெண் அவரைப் பார்த்தாள். இந்த முறை விரலை இல்லை, முகத்தை. அவர் என்னைப் பார்த்தார். பயந்துவிட்டார் மனிதர், நன்றாகவே தெரிந்தது. அந்தத் தாளை இழுத்துக் கையெழுத்துப் போடச் சொல்வார் என்றுதான் நினைத்தேன். சொல்லியிருந்தால் போட்டிருப்பேன், சத்தியமாக. தொண்டையைச் செருமினார். சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டார். மடியிலிருந்த கைகளை எடுத்து, நகக்கண் கறுப்போடு, மேஜைமேல் வைத்தார்.

"ஆமாம்மா" என்றார் அந்தப் பெண்ணிடம். "அது நான் பாத்துப்பேன்."

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

வெளியே முற்றத்தில் வண்டி வெயிலில் நின்றது. அவர் நேராகப் போய் பானட்டைத் திறந்து நிறுத்தினார். சாவி கொடுக்க வந்த ஆள், கழுவுகிற ஆட்கள், ஜன்னல் வழியாக அந்தப் பெண், எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் தயாராக வைத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன்.

"எப்படிங்க இருக்கு?"

"ஏ ஒன்" என்றார், தலையைத் தூக்காமல். அவருடைய நெற்றியிலிருந்து வியர்வை மூக்கு நுனிக்கு இறங்கிக்கொண்டிருந்தது. விரல்கள் அந்தக் கறுப்பு மூடியின் ஓரத்தை, எங்கே பிடித்தால் திறக்கும் என்று, மெல்லத் தடவிக்கொண்டே போயின.