பதினோரு கறுப்பு வரிகள்

கலை அருங்காட்சியகத்தின் தலைவர் மைக்கைப் பிடித்து, "அனைவரையும் வரவேற்கிறேன்" என்றபோது, அவர் சட்டையின் மூன்றாவது பொத்தானுக்குக் கீழே மஞ்சள் எழுத்தில், "கதவைப் பூட்டச் சொன்னது யாரு?" என்று வந்தது. வியாழக்கிழமை, மாலை ஆறு பத்து. ஏதோ புது ஏற்பாடு என்று நினைத்துச் சிலர் கைதட்டினார்கள். அந்த வரி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவள் அரங்கத்திலேயே ஒருத்திதான். கடைசி வரிசையில் மடிக்கணினியோடு உட்கார்ந்து, ஓடும் படத்துக்கு வசனவரி போடுகிறவள்.

ஆறு வருஷமாக வியாழன்தோறும் அங்கே பரிசு வாங்கிய வெளிநாட்டுப் படங்களையும், கடன் வாங்கித் தனியாளாக எடுத்த படங்களையும் போடுகிறார்கள். மொழிபெயர்ப்பவள் அவள்தான். நடிகர் வாய் திறக்கும்போது ஒரு பொத்தானை அமுக்கினால் திரையின் கீழே வரி வரும். வேண்டாத வரியை இந்தத் தொழிலில் அழிக்க மாட்டார்கள். அழித்தால் வரிசை குலைந்து, மாமியார் பேச்சு மருமகள் வாயில் வந்துவிடும். பக்கத்துப் பொத்தானை அமுக்கிக் கறுப்பாக்குவார்கள். வரி கோப்பிலேயே கிடக்கும், திரையில் தெரியாது. போன வியாழன் ஓடியது ஒரு மில் படம். பூட்டிய கதவுக்குப் பின்னால் மகளைத் தீக்குப் பறிகொடுத்தவள், கடைசியில் முதலாளி முகத்துக்கு நேரே பதினோரு வரி பேசுகிறாள். பதினொன்றையும் கறுப்பாக்கச் சொன்னார் தலைவர். காரணம் ஊரறிந்தது. இந்தப் படங்களுக்குப் படியளக்கும் புரவலருக்கும் ஒரு மில் உண்டு. அங்கேயும் ஷிப்ட் முடியும்வரை வெளிக்கதவில் பூட்டுத் தொங்கும். அந்தப் பூட்டுக்குப் பின்னால்தான் இவளுடைய அக்கா பன்னிரண்டு வருஷமாக வேலை பார்க்கிறாள். "கலையில அரசியல் எதுக்கும்மா?" என்றார் தலைவர். வேலை போய்விடுமே என்று இவளும் அமுக்கினாள். ஒரு தடவை இல்லை, பதினோரு தடவை.

அன்றைக்கு மில் பெண்களுக்கு இலவச அனுமதி. திரும்பும்போது பேருந்தில் அக்கா கேட்டாள், "அந்தப் பொம்பளை அவ்வளவு நேரம் கத்துறாளே, கீழ ஒண்ணுமே வரலையே, ஏன்டி?" தங்கை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தலைவர்மேல் வந்த கோபத்தைவிடத் தன் விரல்மேல் வந்த கோபம்தான் அவளை அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவிடாமல் செய்தது.

அதனால் தலைவர் சட்டையில் எழுத்து வந்தபோது அவள் ஆச்சரியப்படவில்லை. காபி கேட்க வாய் திறந்தாலும் அவருக்கு, "என் பொண்ணு தட்டிக்கிட்டே இருந்தா" என்று வந்தது. சட்டைக்கு மேலே தடித்த கோட் போட்டுப் பார்த்தார். கோட் மேலேயும் வந்தது. நான்காம் நாள் அவளைக் கூப்பிட்டு, "நிறுத்தும்மா இதை" என்றார்.

"நான் எதையும் அமுக்கலை சார். அமுக்கினதுதான் வெளிய வருது. படத்தைத் திரும்பப் போடுங்க, பதினோரு வரியோட. மில்லுல இருக்கிறவங்க எல்லாரும் வரணும்."

புரவலர் மனசு புண்படும் என்று அவர் மென்று விழுங்கினார். அடுத்த வாரம் புரவலரே அருங்காட்சியகத்தின் ஆண்டுவிழாவில் பேச வந்தார். "தொழிலாளர்கள் என் குடும்பம்" என்றதும் அவர் மார்பில் கடைசி வரி வந்து நின்றது: "கதவைத் திற."

இனி மறைத்துப் பயனில்லை என்று தலைவர் இறங்கிவர, படம் மறுபடி ஓடியது. இருக்கை போதாமல் மில் பெண்கள் அரங்கத்தின் நடைபாதையிலும் உட்கார்ந்திருந்தார்கள். பதினோரு வரியும் திரையில் அதனதன் இடத்துக்கு வந்தன. தலைவரின் சட்டை வெறிச்சோடியது. துணிச்சலான முடிவு என்று அவரே பேட்டி கொடுத்தார், வெட்கமில்லாமல். புரவலர் மார்பில் மட்டும் எழுத்து போகவில்லை. மருத்துவர் களிம்பு கொடுத்தார், வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பினார். மில்லில் நூல் வாங்க வந்த வியாபாரிகள் வாசித்துவிட்டு, "எந்தக் கதவுங்க?" என்று கேட்க ஆரம்பித்த பிறகுதான் பூட்டை எடுத்தார். மனம் திருந்தியெல்லாம் இல்லை. எழுத்து அப்போதும் போகவில்லை. கடவுச்சீட்டுப் படத்திலும் அது இருக்கிறது, அதிகாரிகள் அங்க அடையாளம் என்று எழுதிக்கொண்டார்கள்.

தங்கையின் மடிக்கணினியில் அவள் பிடுங்கி எறிந்த கறுப்பாக்கும் பொத்தான் இருந்த இடத்தில் இப்போது ஒரு பள்ளம். அக்கா தினமும் மூன்று மணிக்கு, வெளியே ஒரு வேலையும் இல்லாமல், மில்லின் அந்தக் கதவைத் திறந்து போய் நின்றுவிட்டு உள்ளே வருகிறாள்.